எடை குறையாத காசு

சோழவந்தானில் கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கவுளியில் நாலு வெற்றிலை குறைந்தால் வியாபாரி அன்றைக்கு வாய் திறக்க மாட்டார். அடுத்த வாரம் வேறு கொடிக்காலுக்குப் போய்விடுவார். தொழிலுக்கு வரும் இளைஞர்களிடம் இதைச் சொல்லும்போது, நான் ரோமாபுரி அரசன் டைபீரியஸின் காசையும் சேர்த்துச் சொல்வதுண்டு.

கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவன் அவன். நல்ல பெயர் இல்லை. கடைசிப் பத்தாண்டுகள் காப்ரி தீவில் ஒதுங்கியே இருந்தான். அவன் செத்தபோது ரோம் மக்கள் கொண்டாடினார்கள். ஆனால் அவன் அடித்த தினாரியஸ் என்ற வெள்ளிக்காசு நம் மண்ணில் குவியல் குவியலாகக் கிடைக்கிறது. உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் 1891இல் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன, பெரும்பாலானவை அவனுடையவையே. மிளகுக்கும் முத்துக்கும் ஈடாக வந்த காசு. ஒருபுறம் அவன் தலை, மறுபுறம் அமர்ந்திருக்கும் ஒரு பெண். ஆட்சியின் பெரும்பகுதி முழுவதும் இந்தப் படம் மாறவில்லை, எடையும் மாறவில்லை.

இலங்கை அரசன் ஒருவனைப் பற்றி பிளினி எழுதியிருக்கிறார். காற்றில் அடித்துவரப்பட்டு அங்கே கரை சேர்ந்த ரோமானியன் ஒருவனிடம் இருந்த காசுகளை அந்த அரசன் பார்த்தான். தலைகள் வெவ்வேறு, எடை மட்டும் ஒன்று. அந்த நேர்மையை மெச்சித்தான் அவன் பேரரசன் கிளாடியஸிடம் தூதர்களை அனுப்பினானாம். எத்தனை பெரிய மரியாதை பாருங்கள்!

பிறகு நீரோ வந்தான். 64ஆம் ஆண்டு வாக்கில் காசின் எடையைக் குறைத்தான். ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடித்தார்கள், தூய்மையும் இறங்கியது. அந்தப் புதிய வெள்ளிக்காசு தமிழ்நாட்டில் மிக அரிதாகவே கிடைக்கிறது. யாரும் கடல் தாண்டிப் போய்ச் சண்டை போடவில்லை. தங்கக்காசு மட்டும் தொடர்ந்து வந்தது. புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 தங்கக்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின்மேல் உளி வெட்டு இருக்கிறது. முகம் யாருடையதானால் என்ன, பொன் சரியாக இருந்தால் போதும் என்று நம்மவர்கள் நினைத்ததாகவே நான் கொள்கிறேன்.

கடை திறக்கப் போகும் தம்பிகளே, தங்கைகளே, பெயர்ப்பலகைக்குச் செலவழிக்கும் முன் தராசைச் சரிபாருங்கள்.