காவல் கலைய வேண்டிய நேரம்

வயிற்றின் உட்சுவரில் புண் வந்துவிட்டால் உடல் சும்மா இருப்பதில்லை. செல்களுக்கு இடையிலுள்ள வலைப்பின்னலில் டெனாசின்-சி, பெரியோஸ்டின் போன்ற புரதங்கள் கூடுகின்றன. செல்லின் மேலிருக்கும் இன்டெக்ரின் என்ற ஏற்பியைத் தொட்டு, பெருகு, நகர்ந்து போ, புண்ணை மூடு என்று சேதி சொல்வதுதான் இவற்றின் வேலை. வெள்ளத்துக்கு அடுக்கிய மணல்மூட்டைகளைத் தண்ணீர் வடிந்ததும் எடுத்துவிடுவதுபோல, புண் ஆறியதும் இவையும் குறைந்துவிட வேண்டும்.

குறையாவிட்டால்? புற்றுக்கட்டி என்பது ஆறாத காயம் என்று 1986-இல் எழுதினார் அமெரிக்க நோயியல் அறிஞர் ஹரால்ட் டுவோராக். வயிற்றுப் புற்றைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர் சொன்னது எவ்வளவு பொருத்தம் என்று வியக்கிறேன். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றி, பல பத்தாண்டுகள் வயிற்றில் குடியிருக்கிறது. அழற்சி ஓய்வதே இல்லை. சிலருக்குச் சுரப்பிகள் தேய்ந்து, வயிற்றுச் செல்கள் குடல் செல்களைப்போல மாறி, அவர்களிலும் சிலருக்கு மட்டும் புற்றாகிறது. அந்தக் கட்டத்தில், புண்ணை ஆற்ற வந்த நார்ச்செல்களே பெரியோஸ்டினைச் சுரந்து புற்றுச்செல்களை வளர்க்கின்றன. காப்பாற்ற எழுந்த அதே சேதி, கேட்பவர் மாறியதும் கேடாகிவிடுகிறது.

என் நண்பர் ஒருவர் இளமையில் கூட்டாளியால் ஏமாற்றப்பட்டார். பணம் பின்னால் திரும்பி வந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை. பெற்ற மகனிடம்கூடக் கல்லாச் சாவியைக் கொடுக்காமலே முதுமை அடைந்தார். அன்று அவருக்கு அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது. முப்பது வருடம் கழித்து அதுவே அவரைத் தனியாளாக்கியது. இளையவர்களே, காயம்பட்டபோது எழுப்பிய காவலை எப்போது கலைப்பது என்று அவ்வப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. மனத்தில் வைத்த கோபத்தால்தான் புற்று வந்தது என்று நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உண்மையல்ல, கொடுமையும்கூட. இந்தக் கிருமியைப் புற்று உண்டாக்குவதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 1994-லேயே வகைப்படுத்திவிட்டது. புகையிலையும் அளவுமீறிய உப்பும் அதற்குத் துணை. மூச்சுப் பரிசோதனையிலோ எண்டோஸ்கோப்பியிலோ கிருமி தெரிந்துவிடும். பெரும்பாலும் இரண்டு வார மாத்திரையில் ஒழியும். நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் வாங்கி விழுங்கியே வருடங்களைக் கடத்துகிறவர்கள், எடை குறைந்தாலோ மலம் கறுத்தாலோ அன்றே டாக்டரிடம் போங்கள்.