ஊரே உரிமையாளரான உணவு விடுதி

‘பப்’ என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் எழுவது மதுக்கடையின் காட்சியே. வாரக் கூலியை அங்கே தொலைத்துவிட்டுத் தள்ளாடி வரும் தந்தையையும், விளக்கை அணைக்காமல் வாயிலில் காத்திருக்கும் தாயையும் அறியாத பங்கு நம்மிடையே ஏது? ஆகவே, இங்கிலாந்தின் வடகோடியில் மருத்துவமனையொன்றில் பணிபுரியும் என் தங்கை மகன், ஞாயிறு மதிய உணவுக்கு என்னைப் பப் ஒன்றுக்கு அழைத்தபோது நான் தயங்கினேன். “சாப்பிடத்தான் போகிறோம், மாமா. பிள்ளைகளும் வருகிறார்கள்” என்றான். பிள்ளைகளுமா என்று வியந்தவாறே புறப்பட்டேன்.

கார்லைல் நகரில் திருப்பலி முடிந்ததும் தெற்கு நோக்கிப் பயணமானோம். கம்பிரியா என்னும் அந்த மாவட்டம் மலைகளாலும் ஏரிகளாலும் புகழ்பெற்றது. சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய மதில்கள் மேடும் பள்ளமும் கடந்து நெடுந்தொலைவு ஓடுகின்றன. அவற்றினிடையே ஆடுகள் மேய்கின்றன. வழியில் கால்ட்பெக் என்னும் சிற்றூர். அங்குள்ள ஆலயம், முங்கோ என்றும் அழைக்கப்படும் புனித கென்டிகெர்ன் பெயரால் விளங்குகிறது. ஆறாம் நூற்றாண்டின் மறைப்பணியாளரான அவர், ஆலயத்தருகே உள்ள ஊற்றில் மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தார் என்பது மரபு. அங்கிருந்து சிறிது தொலைவில் இருக்கிறது ஹெஸ்கெட் நியூமார்க்கெட்.

ஊர் என்றால் மிகச் சிறிய ஊர். நடுவே ஒரு பசும்புல் திடல். அதில் பழைய சந்தை நாள்களை நினைவூட்டும் ஒரு மண்டபம். இருமருங்கிலும் கல் வீடுகள். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1857-இல் தம் நண்பர் வில்கி காலின்ஸுடன் இவ்வூருக்கு வந்தார். விடுதிக்காரரையே வழிகாட்டியாகக் கொண்டு இருவரும் அருகிலுள்ள கேரக் மலையில் ஏறினர். மழையிலும் மூடுபனியிலும் வழி தவறி, இறங்குகையில் காலின்ஸ் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். அவர்களை வரவேற்ற அந்த விடுதி பிற்காலத்தில் குடியிருப்பு வீடாகிவிட்டது. ஊரில் எஞ்சி நிற்பது ‘ஓல்ட் கிரௌன்’, அதாவது ‘பழைய மகுடம்’ என்னும் விடுதி. நாங்கள் உணவருந்தச் சென்றது அங்கேதான்.

தாழ்ந்த கூரை, கனன்றெரியும் அடுப்பு, மர இருக்கைகள். உணவு வேண்டுவோர் தாமே எழுந்து சென்று பரிமாறும் மேடையில் சொல்லிப் பணம் செலுத்திவிட்டு வரவேண்டும். எங்களுக்கு வந்தது கம்பர்லாந்து சாசேஜ். மிளகு தூக்கலாகச் சேர்த்த பன்றியிறைச்சியைத் துண்டு துண்டாக அன்றி, நீளமாகச் செய்து வட்டமாய்ச் சுருட்டி வைப்பது அவ்வட்டாரத்து வழக்கம். உடன் மசித்த உருளைக்கிழங்கும் குழம்பும். நம் நாட்டு வழியைத் தழுவிய கறிக் குழம்புக்கும் இவ்விடுதி பல காலம் பெயர் பெற்றிருந்தது என்று கேட்டபோது மனம் மகிழ்ந்தது. அடுத்த மேசையில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் உண்டுகொண்டிருந்தனர். பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு மது விற்பதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. பெற்றோருடன் அமர்ந்து உண்பதைத் தடுக்கவில்லை.

“இதன் முதலாளி யார்?” என்று அந்தப் பாட்டியாரிடம் வினவினேன். அவர் சிரித்தவாறே கையை அறை முழுவதும் சுழற்றிக் காட்டி, “நாங்கள்தாம்” என்றார்.

அது வேடிக்கைப் பேச்சன்று. 1988-இல் இவ்விடுதியின் பின்புறத்திலிருந்த பழைய களஞ்சியத்தில் சிறியதொரு பீர் வடிப்பகம் தொடங்கப்பெற்றது. அதை நடத்தியோர் ஓய்வுபெற எண்ணியபோது, 1999-இல் ஊரார் கூட்டுறவாகச் சேர்ந்து அதனை வாங்கினர். அடுத்து விடுதியும் விலைக்கு வரும் நிலை ஏற்பட்டது. வெளியார் கைக்குப் போனால் இதுவும் வீடாகிவிடுமோ என அஞ்சிய மக்கள், 2003-இல் நூற்றுக்கும் மேற்பட்டோராய் ஒன்றுகூடி, ஆளுக்கு 1,500 பவுன் அளித்து விடுதியையும் தமதாக்கிக்கொண்டனர். புகழ்பெற்ற மலையேற்ற வீரர் கிறிஸ் போனிங்டனும் பங்கு கொண்டார். ஆனால் யாருக்கும் ஒரே வாக்குதான். கூட்டுறவு கட்டடத்தைக் காக்கிறது. அன்றாடப் பணியைக் குத்தகைதாரர் நடத்துகிறார். குத்தகைதாரர் மாறலாம், சமையல் மாறலாம்; ஊரின் கை மாறுவதில்லை. அந்நாளில் இளவரசராயிருந்த சார்லஸும் இங்கே வந்து பாராட்டிச் சென்றதுண்டு.

இதன் அருமையை உணர அந்நாட்டின் நிலையை அறிதல் வேண்டும். 2000-ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ஏறத்தாழ 60,000 பப்புகள் இருந்தன. இருபதாண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் 46,000-க்கும் கீழே குறைந்துவிட்டன. பெருங்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மது, ஏறிக்கொண்டே போகும் வாடகையும் வரியும், கட்டடத்தை வீடாக்கி விற்றால் கிடைக்கும் பெரும்பணம் எனக் காரணங்கள் பல. ஊருக்குப் பயன்படும் கட்டடம் விற்பனைக்கு வந்தால், ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் பெற 2011-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் வழிசெய்தது.

குடிக்கும் இடங்கள் குறைவது நன்மைதானே என நீங்கள் கேட்கலாம். நானும் அவ்வாறே எண்ணினேன். குடியினால் சீரழியும் குடும்பங்கள் அந்நாட்டிலும் உண்டு. கூட்டுறவு வைத்துவிட்டால் மதுவின் தீமை நீங்கிவிடாது. எனினும் அன்று நான் கண்டது வேறொன்று. ‘பப்’ என்பது ‘பொது இல்லம்’ என்று பொருள்படும் பெயரின் சுருக்கம். தொலைவிலுள்ள முதலாளிக்குக் கல்லாவில் விழும் காசுதான் தெரியும். ஊரே முதலாளியானால், தனிமையில் வாடும் முதியவர் இரு நாள்களாய் வரவில்லையே என்பதும் தெரியும். மனிதர் வீட்டிலிருந்தே மலிவு மதுவை அருந்தினால் குடி குறைவதில்லை. அவரைக் கவனிக்கும் கண்கள்தாம் குறைகின்றன.

நாங்கள் எழுந்தபோது பாட்டியார் எங்கள் தட்டுகளைப் பார்த்து, “வயிறு நிறைந்ததா?” என்று கேட்டார். நம் ஊரில் விருந்தினரை வழியனுப்பும் வீட்டுத் தலைவியின் குரல் அது. கடைக்குள் நுழையத் தயங்கியவன், ஒரு வீட்டிலிருந்து விடைபெறுபவனைப்போல் வெளியே வந்தேன்.