தீனிக்கும் வேளை உண்டு

நொறுக்குத் தீனியைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் முதலில் நாவைக் குறை கூறுவதே வழக்கம். மனவுறுதி போதவில்லை என்று சொல்லிப் பேச்சை முடித்தும் விடுகிறோம். நம் பாட்டன்மார்க்கு மட்டும் நா இல்லாமலா இருந்தது? முறுக்கும் சீடையும் அதிரசமும் அவர்கள் காலத்துப் பலகாரங்கள்தாமே!

அவர்கள் உடல் வருந்தி உழைத்தார்கள் என்பது ஒரு காரணம். பலகாரத்துக்கு அன்று நாள் குறித்திருந்தது என்பது மற்றொரு காரணம். கோகுலாஷ்டமிக்குச் சீடை, கார்த்திகைக்குப் பொரியுருண்டை, தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும். எண்ணெய்ச் சட்டி அடுப்பேறும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆசைக்கு நாட்காட்டியே காவல் நின்றது. இன்று காவல் போய்விட்டது. ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது.

நாம் வந்து குடியேறிய மும்பை மாநகரிலும் இதே கதைதான். வடாபாவ் 1966ஆம் ஆண்டையொட்டித் தாதர் ரயில் நிலையத்தருகே விற்பனைக்கு வந்ததாகச் சொல்வர். பரேல், லால்பாக் வட்டாரத்துப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் அதனை நின்றபடியே உண்டுவிட்டு வேலைக்கு விரைந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு வேளை உணவு. 1982ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, வடாபாவ் நிலைத்துவிட்டது. உழைப்பாளிக்கு உணவாயிருந்தது, நாற்காலியில் அமர்ந்து கோப்புப் புரட்டும் என் போன்ற எழுத்தர்களுக்கு உணவின்மேல் உணவாகிவிட்டது.

ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கோடை விடுமுறை முடிந்து நாகர்கோவில் விரைவு வண்டியில் திரும்பும் நம்மவர் இருக்கைகளின் அடியில் பாருங்கள். ஒரு தகர டப்பா இருக்கும். மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், தாய் தன் கையால் சுட்ட தட்டை. அது வெறும் தின்பண்டம் அன்று, அதுதான் ஊர். அதை மறுப்பது பெற்றவளை மறுப்பதுபோல் தோன்றுகிறது. குழந்தை அழுதால் டப்பா திறக்கும். விருந்தினர் வந்தால் திறக்கும். ஊர் நினைவு வந்தாலும் திறக்கும். பசி வந்து அதைத் திறப்பதுதான் அரிது. டப்பா காலியானாலோ, மாதுங்காக் கடைகளில் அத்தனையும் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். எங்கள் கல்யாண் குடியிருப்பில் அடுத்த வீட்டு அண்ணாச்சி சரக்கு வண்டி ஓட்டுநர். வண்டி ஓட்டுவோர்க்குக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு. தேறாதவர் எஞ்சினை விட்டு இறங்கி வேறு பணிக்குச் செல்ல நேரிடும். வண்டி ஓட்டுவதற்கென வரும் படியும் நின்றுபோகும். இரண்டு பெண்கள் கல்லூரியில் படிக்கும் வீடு அது. சென்ற ஆண்டுப் பரிசோதனையில் இரத்தச் சர்க்கரை மிகுதி என்று மருத்துவர் எச்சரித்து அனுப்பினார். அன்று மாலை அண்ணாச்சி என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார்.

“தம்பி, மூன்று வேளையும் அளவாகத்தானே சாப்பிடுகிறேன். இது எங்கிருந்து வந்தது?” என்றார்.

“வேளைகள் இருக்கட்டும், அண்ணாச்சி. வேளைகளுக்கு நடுவே நடப்பதை ஒரு வாரம் எழுதிப் பார்ப்போமா?” என்றேன். பதிவேடு எழுதுவதுதானே நம் தொழில்! மணி, பண்டம், அளவு, ‘ஏன்’ என்று நான்கு கட்டங்கள் போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன்.

வாரம் முடிந்ததும் கணக்குப் பார்த்தோம். இரவுப் பணியில் நான்கு தேநீர். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 5 கிராம் என்றால், தேநீரிலேயே 40 கிராம். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர்க்கு, இவ்வாறு சேர்க்கும் சர்க்கரை ஏறக்குறைய 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் அடங்கினால் இன்னும் நலம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிஸ்கட்டும் பஜ்ஜியும் கணக்கில் ஏறுமுன்பே இந்த நிலை.

ஆனால் அவர் கண்ணைத் திறந்தது சர்க்கரைக் கணக்கன்று. ‘ஏன்’ என்ற கட்டம். அதில் ‘பசி’ என்று இரண்டே இடங்களில் எழுதியிருந்தார். மற்றவை எல்லாம் ‘சிக்னலுக்குக் காத்திருந்தேன்’, ‘தூக்கம் வந்தது’, ‘துணை ஓட்டுநர் கொடுத்தார்’ என்பனவே.

பழக்கத்தின் இரகசியம் இதுதான். ஒரு தூண்டுதல், ஒரு செயல், ஒரு சிறு இன்பம் ஆகிய மூன்றும் பலமுறை சேர்ந்து வந்துவிட்டால், பிறகு தூண்டுதல் எழுந்த மாத்திரத்தில் கை தானே டப்பாவுக்குப் போகும்; அறிவின் அனுமதியைக் கேட்பதில்லை. தூக்கம் குறைந்தவர்க்கு உண்ணும் வேட்கை மிகும் என்பதும் மருத்துவர் அறிந்த செய்தி. ஆகவே மனத்தை ஏசிப் பயனில்லை. அதே தூண்டுதலுக்கு வேறு செயலைப் பழக்க வேண்டும். அண்ணாச்சி இப்போது சர்க்கரையில்லாத் தேநீரும் வறுத்த கொண்டைக்கடலையும் எடுத்துச் செல்கிறார். பணி முடிந்து வந்ததும் முதலில் உறங்குகிறார். மருத்துவர் தந்த மாத்திரையும் உண்டு, மாலை நடையும் உண்டு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. இன்றும் அவர்தான் வண்டி ஓட்டுகிறார்.

அந்த நோட்டை என் வீட்டிலும் எழுதிப் பார்த்தோம். அங்கே வெளிப்பட்டது வேறொன்று. பகலுணவு பன்னிரண்டரைக்கு, இரவுணவு ஒன்பதரைக்கு. இடையே ஒன்பது மணி நேரம்! உள்ளூர் வண்டியின் நெரிசலில் வந்து சேர்பவனுக்கும், பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கும் அது மெய்யான பசியே. மெய்ப்பசியைத் தட்டையாலும் பிஸ்கட்டாலும் ஆற்றினால் இரவுச் சோற்றைப் பிள்ளை தொடமாட்டான். எனவே என் மனைவி, நவராத்திரிக்கு மட்டும் செய்த சுண்டலை மாலைதோறும் செய்யலானாள்; ஒருநாள் பயறு, ஒருநாள் காராமணி, ஒருநாள் கடலை. இரவுணவை எட்டரைக்குக் கொண்டுவந்தோம்.

ஊர் டப்பாவை எறியவில்லை, மேல்தட்டுக்கு ஏற்றினோம். ஞாயிற்றுக்கிழமை பகலுணவுக்குப் பின், எல்லாரும் அமர்ந்து, தட்டில் எண்ணி வைத்து உண்பது என்று ஏற்பாடு. பிள்ளை இரண்டு வாரம் சிணுங்கினான். மூன்றாம் வாரம், “அப்பா, நாளைக்குத்தானே ஞாயிறு?” என்று கேட்டான். இழந்திருந்த திருநாள் வீட்டுக்குத் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

ஊரிலிருக்கும் தாயிடம் இதை எவ்வாறு சொல்வது என்பதே பெருங்கவலையாயிருந்தது. என் மனைவிதான் தொலைபேசியில் பேசினாள்: “அத்தை, உங்கள் தட்டையை ஞாயிறுக்கென்றே வைத்திருக்கிறோம். ஒரு டப்பா மூன்று மாதம் வருகிறது.” அம்மா வருந்தவில்லை. “அப்படியானால் காறிப் போகுமே! இனிக் கொஞ்சமாகச் சுட்டுத் தருகிறேன், கூடவே நம் ஊர்ப் பயறும் தருகிறேன்” என்றாள்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவையும் பசியின் வேளையையும் பற்றியே பேசுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வோ, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. சங்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு வாரம் அந்த நான்கு கட்டங்களை எழுதிப் பார்க்க வேண்டுகிறேன். அடைக்க வேண்டியது டப்பாவையா, மாற்ற வேண்டியது உணவு வேளையையா, வேண்டுவது ஓய்வா என்பதை அந்த ‘ஏன்’ என்ற கட்டமே சொல்லிவிடும்.