சக்கரங்களின் மேல் ஒரு வீடு



சபுர் செல்கின்றவர் வீட்டை ஊரில் விட்டுவிட்டுச் செல்கின்றார். அவர் திரும்பி வரும் நாள் வரை திண்ணையும் கிணற்றடியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால், வீட்டையே வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு பிழைப்புக்குப் போகின்றவர்களை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் கோடைதோறும் அத்தகையோரைக் காணலாம். அவர்கள் வாழும் வகையை அறிந்துகொள்ள யெல்லோஸ்டோன் வரை மனத்தால் ஒரு பயணம் வாருங்கள்.

1872 மார்ச் 1 அன்று அதிபர் யுலிசிஸ் கிராண்ட் கையொப்பமிட்ட சட்டத்தினால் உருவானது இப்பூங்கா. உலகின் முதல் தேசியப் பூங்கா என்னும் பெருமை இதற்கு உண்டு. வயோமிங், மொன்டானா, ஐடஹோ ஆகிய மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 8,983 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கின்றது. உலகில் பீறிட்டெழும் வெந்நீர் ஊற்றுகளில் பாதிக்கு மேற்பட்டவை இங்கேதான் உள்ளன. அவற்றுள் பெயர்பெற்ற ‘ஓல்டு ஃபெய்த்ஃபுல்’ சராசரியாக ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை நூறடிக்கு மேல் சீறி எழுகின்றது. 2021ஆம் ஆண்டில் மட்டும் 48 இலட்சத்திற்கும் மேற்பட்ட வருகைகள் இங்கே பதிவாயின.

இத்தனை பேருக்கும் படுக்கை விரிப்பவர் யார்? சமைப்பவர் யார்? கடையில் பொருளை எடுத்துக் கொடுத்துச் சீட்டுப் போடுபவர் யார்? ஆண்டு முழுவதும் அத்தனை ஊழியர்களை அங்கே வைத்திருக்க இயலாது. காரணம் பனி. நவம்பர் தொடக்கத்தில், வடபுறத்துச் சாலை ஒன்றைத் தவிர, பூங்காவின் உட்சாலைகள் யாவும் சாதாரண வாகனங்களுக்கு அடைக்கப்படுகின்றன. மீண்டும் திறக்கத் தொடங்குவது ஏப்ரல் நடுவில்தான். 1933 பிப்ரவரியில் இங்கே குளிர், சுழிக்குக் கீழே 54 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. ஆகவே, வேலை என்பதெல்லாம் கோடையை ஒட்டிய சில மாதங்களே. அந்த மாதங்களுக்காகக் கல்லூரி மாணவர்கள் வருகின்றனர். அவர்களுக்கு விடுதி அறை போதும். அறுபதைக் கடந்த முதியோரும் வருகின்றனர். அவர்களில் பலர் கொண்டு வருவதுதான் நாம் காண வந்த டிரெய்லர் வீடு.

வீடு வந்து சேர்கின்றது

அந்த வீட்டின் அகலம் எட்டரை அடியைத் தாண்டாது. நீளம் இருபது முதல் முப்பது அடி வரை இருக்கலாம். அதற்குள் அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. பகலில் உணவு மேசையாக இருப்பது, பலகையை இறக்கினால் இரவில் படுக்கையாகிவிடும். ஒருவர் சமைக்கும்போது மற்றவர் கடந்து செல்ல வேண்டுமாயின், அடுப்படியில் நிற்பவர் ஒதுங்கி வழிவிட்டாக வேண்டும்.

மே மாதத்தில் ஒரு முதிய தம்பதியர் தம் டிரக்கில் இதனை இழுத்துக்கொண்டு வந்து சேர்கின்றனர் என வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை, வீட்டைச் சமமாக நிறுத்துவது. ஒரு புறச் சக்கரத்தின் கீழே பலகை வைத்து, மட்டம் பார்த்து, நான்கு மூலையிலும் கால்களை இறக்குவார்கள். கேஸில் இயங்கும் குளிர்பதனப் பெட்டி சாய்ந்த நிலையில் ஓடினால் பழுதாகிவிடும். பின்னர் மின்கம்பியை இணைப்பார்கள். குடிநீர்க் குழாயைப் பூட்டுவார்கள். கழிவுக்கு இரு தொட்டிகள் உண்டு. கழிப்பறைக்கு ஒன்று, குளிக்கும் நீருக்கும் பாத்திரம் கழுவும் நீருக்கும் மற்றொன்று. காலி செய்கையில் கழிப்பறைத் தொட்டியையே முதலில் திறக்க வேண்டும். அடுத்து வரும் சோப்பு நீர் குழாயை அலசிக்கொண்டு போகும். சொகுசு வாழ்க்கை என்று எண்ணி வருபவருக்கு வண்டி கற்பிக்கும் முதற்பாடம் இதுவே.

மே மாதத்திலும் அங்கே இரவில் நீர் உறையும். மாலையில் மறந்து விட்டுவிட்ட குழாய் காலையில் வெடித்துக் கிடக்கும். எனவே உறைபனி இரவுகளில் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, உள்தொட்டி நீரையே பயன்படுத்துவார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமாதலால், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்தாலும் சூடு போதாது. அரிசியோ பருப்போ வேக நேரம் பிடிக்கும். இதைப் படிக்கும் சகோதரிகள் அச்சிரமத்தை எளிதில் உணர்வார்கள்!

அயலாரும் புதியவர்களே. கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம், காட்டெருமைக்கு 25 கஜம் விலகி நிற்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. உணவை மட்டுமன்று, கழுவிய பாத்திரத்தைக்கூட வெளியில் விட்டு வைக்கலாகாது. கரடி நடமாட்டம் மிகுந்த ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் துணிக்கூடாரத்திற்கு இடமே இல்லை. கெட்டியான சுவருடைய வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி.

ஏன் வந்தார்கள்?

இயற்கையின் மீதுள்ள காதலால் வந்தோர் உண்டு. மணியடித்தால் எழும் வாழ்க்கையை நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து சலித்து, இனியேனும் மலையைப் பார்த்தபடி தேநீர் அருந்துவோம் என்று வந்தோர் அவர்கள். அவர்களை நாம் குறை கூற வேண்டியதில்லை.

ஆயினும் வேறு வழியின்றி வந்தோரும் உண்டு. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்தவர் பலர். அந்நாட்டில் அரசின் முதுமை உதவித்தொகையை 62 வயதிலேயே பெறத் தொடங்கலாம். ஆனால், அவ்வாறு முந்திப் பெறுவோருக்குத் தொகை குறைந்துவிடும். அதைக்கொண்டு வாடகையும் கொடுத்து உணவும் உண்ண இயலாதபோது, வாடகை என்பதையே வாழ்விலிருந்து நீக்கிவிட்டவர்கள் இவர்கள். இத்தகையோரைப் பற்றி ஜெசிகா புருடர் எழுதிய ‘நோமட்லேண்ட்’ என்னும் நூல் 2017இல் வெளிவந்தது. அதைத் தழுவிய திரைப்படம் 2021இல் ஆஸ்கார் பரிசு பெற்ற பின்னரே உலகம் இவர்களைத் திரும்பிப் பார்த்தது.

சில இடங்களில் வண்டி நிற்கும் இடத்திற்கான கட்டணத்தை ஊதியத்தில் பிடித்துக்கொள்வர். முகாம் காப்பாளராகத் தொண்டு செய்வோருக்கோ ஊதியம் இல்லை. இடம் மட்டும் இலவசம். எவ்வாறாயினும் வேலையும் இடமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. வேலை போனால் இடமும் போகும். முதுகு வலித்தாலும் அதைச் சொல்லத் தயங்கும் முதியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இயற்கையும் சில வேளை கணக்கைப் புரட்டிவிடுகின்றது. 2022 ஜூன் 13 அன்று பெருவெள்ளம் வந்து சாலைகளை அரித்துச் சென்றது. பூங்காவின் வாயில்கள் அனைத்தும் மூடப்பட்டன, பயணிகள் வெளியேற்றப்பட்டனர். தென்பகுதி ஒன்பது நாள்களில் திறந்தது. வட வாயில் வழி வாகனங்கள் வழக்கம்போல் செல்ல அக்டோபர் ஆயிற்று. பயணிக்கு அது கலைந்துபோன ஒரு விடுமுறை. கோடை வருவாயை நம்பி வருபவருக்கோ, அத்தகைய வெள்ளம் ஆண்டின் பாதி உணவையே அடித்துச் செல்லவல்லது.

பனி விழும்போது

அக்டோபரில் குழாய்கள் கழற்றப்படுகின்றன, கால்கள் உயர்த்தப்படுகின்றன, கொக்கி மீண்டும் டிரக்கில் பூட்டப்படுகின்றது. சிலர் வட டகோட்டா, மினசோட்டா பக்கம் சர்க்கரைக் கிழங்கு அறுவடைக்குச் செல்வர்; அங்கே நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. சிலர் அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழிப்பர். கடிதம் வரவும் ஓட்டுநர் உரிமம் பெறவும் ஒரு முகவரி வேண்டுமே! அதற்காகத் தெற்கு டகோட்டாவை நாடுவோர் பலர். அங்கே ஓர் இரவு தங்கியதற்கான இரசீதும் கடிதம் பெற்றுத் தரும் நிலையத்தின் முகவரியும் இருந்தால் அம்மாநிலத்தவராகப் பதிந்துகொள்ள வழியுண்டு. ஓர் இரவு மட்டுமே உறங்கிய ஊர், ஏட்டில் சொந்த ஊராகிவிடுகின்றது.

நம் இல்லங்களிலிருந்து மக்களும் மருமக்களும் அந்நாடு சென்று வருகின்ற காலம் இது. அவர்களுடன் நீங்களும் யெல்லோஸ்டோன் செல்ல நேரலாம். அங்கே கடையில் உங்களுக்குச் சில்லறை எண்ணித் தரும் மூதாட்டியின் சட்டையில் ஒரு பெயர்ப்பட்டை இருக்கும். அதில் பெயரும், அதன் கீழே ஊரோ மாநிலமோ பொறிக்கப்பட்டிருக்கும். வரிசை நீளமாக இல்லையென்றால் அந்த ஊரைப் பற்றி அவரிடம் ஒரு சொல் கேளுங்கள். அது அவர் பிறந்து வளர்ந்த ஊராகவும் இருக்கலாம். ஓர் இரவு தங்கிய ஊராகவும் இருக்கலாம். எதுவாயினும், கடையின் பின்புறம் மரங்களுக்கிடையே மட்டம் பார்த்து நிறுத்திய அவருடைய வீட்டில், மாலை விளக்கேற்றும் நேரத்தில், தம்மிடம் ஊர் கேட்டவர் ஒருவர் வந்து சென்றதை அவர் நினைத்துக்கொள்வார்.