தைக்காவின் ஜன்னலுக்கு ஒரு கம்பு



ஷஃபான் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் பாயும் பாத்திரமும் முற்றத்துக்கு வந்துவிடும். காயல்பட்டினத்தில் பெண்கள் ஓதவும் தொழவும் கூடுகிற தைக்காக்களிலும் அதே சுறுசுறுப்புத்தான். எங்கள் தெருத் தைக்காவின் ஜன்னல்கள் உயரமானவை. காற்றும் வெளிச்சமும் வரவேண்டும், வெளியார் பார்வை வரலாகாது என்று கருதி முன்னோர் அப்படி வைத்தார்கள். கண்ணாடியின் மேல்விளிம்பு தரையிலிருந்து 13 அடி.

இந்தக் கரையில் கண்ணாடி அழுக்காவதற்கு ஒரு மாதம் போதும். கிழக்கே கடல், மேற்கே ஆறுமுகநேரி உப்பளங்கள், வடக்கே தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னக்காயல். கொண்டல் வீசினால் உப்பு படியும். கச்சான் வீசினால் தேரிக்காட்டுச் செம்மண் தூளாய் வந்து ஒட்டும். இரண்டும் சேர்ந்தால் சுபுஹு வெளிச்சம்கூட மங்கலாகத்தான் உள்ளே வரும்.

அவற்றைத் துடைப்பவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு ராத்தா. மேசைமேல் ஸ்டூலை வைத்து அதன்மேல் ஏறித் துடைப்பது அவருடைய வழக்கம். ஒரு நாள் ஸ்டூல் நழுவியது. அல்லாஹ் காப்பாற்றினான், ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டார். அன்றே நீளும் கம்பு ஒன்று வாங்கிவிடுவதென முடிவு செய்தோம். வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

தூத்துக்குடிக்குச் சென்றபோது ஒரு கடையில் நான் கேட்டவை இரண்டே கேள்விகள்: எது நீளம்? எது மலிவு? ஒன்றுக்குள் ஒன்றாய் மூன்று குழாய்கள் கொண்ட 18 அடி அலுமினியக் கம்பைக் கடைக்காரர் எடுத்துத் தந்தார். மடக்கிய நிலையில் தூக்கிப் பார்த்தேன், இலேசாக இருந்தது. தேவைக்கு மேலேயே நீளம், சொன்னதைவிடக் குறைந்த விலை. பொதுப்பணத்தைச் சிக்கனமாய்ச் செலவிட்டுவிட்டேன் என்ற நிறைவோடு வீடு திரும்பினேன்.

ராத்தா ஒரு குறையும் சொல்லவில்லை. ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின், ஒரு தராவீஹ் தொழுகையில் அவர் என் பக்கத்தில் நின்றார். தக்பீருக்குக் கை உயர்த்தியபோது அவருடைய வலக்கை மார்பளவிலேயே நின்றுவிட்டது. தொழுது முடித்ததும் கேட்டேன்.

“ஒண்ணுமில்லம்மா. அந்தக் கம்பு கொஞ்சம் கனக்குது, அவ்வளவுதான்” என்றார்.

மறுநாள் அந்தக் கம்பை நானே எடுத்து முழுவதும் நீட்டி, நனைத்த துணியை நுனியில் மாட்டித் தூக்கினேன். ஐந்து நிமிடம் தாங்கவில்லை. கம்பு சற்றுச் சாய்ந்தாலே நுனியின் எடை, நீளத்துக்கு ஏற்றபடி பெருகித் தோளில் இறங்குகிறது. குழாய்களின் இணைப்பில் உப்பு அரித்து வெண்பொடி பூத்திருந்தது. திருகுப் பூட்டில் மணல் புகுந்து பிடிப்பு விட்டுப்போயிருந்தது. அது உள்ளே இறங்காமலிருக்க ராத்தா தம் விரல்களால் இறுகப் பற்றியே ஓராண்டைக் கடத்தியிருக்கிறார். நான் கடையில் மிச்சம் பிடித்த பணத்தை அவருடைய தோள் கட்டியிருக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் பள்ளியைக் கூட்டிச் சுத்தம் செய்த பெண்மணியை நாம் அறிவோம். அவர் இறந்ததைச் சிறிய செய்தியாக எண்ணித் தோழர்கள் சொல்லாமல் விட்டார்கள். நபியவர்களோ அவரைக் காணாமல் விசாரித்து, அவருடைய கப்ருக்கே சென்று தொழுதார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. நம்மிடம் பணிபுரிவோர் நம் சகோதரர்கள், தாங்க முடியாததை அவர்கள்மேல் சுமத்தலாகாது, சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்ற கருத்துள்ள அறிவிப்பும் புகாரியில் உண்டு. பயான்களில் பலமுறை கேட்டவைதாம். கம்பு வாங்கச் சென்ற அன்று அவை என் நினைவில் இல்லை.

பெருநாள் விடுமுறையில் வாப்பா எங்களைப் புன்னக்காயலுக்கு அழைத்துச் சென்றார்கள். முகத்துவாரத்தில், அலையாத்திக் காட்டு ஓரமாகப் படகில் போனோம். ஆழம் குறைந்த இடம் வந்ததும் படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு கழியை எடுத்து ஊன்றித் தள்ளினார். அருகில் இன்னொரு கழியும் கிடந்தது. “இது எதற்கு அண்ணாச்சி, இரண்டு?” என்று வாப்பா கேட்டார்கள்.

“அது எம் மவனுக்கு, பாய். புடிக்கிறவன் கைதான் கம்புக்கு அளவு. எனக்குத் தோதானது அவனுக்கு ஆகாது” என்றார் அவர்.

அடுத்த முறை கடைக்கு ராத்தாவையும் அழைத்துச் சென்றேன். இம்முறை கம்பை முழுவதும் நீட்டி, நுனியில் வைப்பரை மாட்டி, அவரே தூக்கிப் பார்த்த பிறகுதான் விலை பேசினோம். அன்று கற்றவை உங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் பயன்படலாம்.

முதலில் நீளம். கம்பைத் தாங்கும் கீழ்க்கை இடுப்பளவில், சுமார் 3 அடி உயரத்தில் இருக்கும். 13 அடி ஜன்னலுக்கு மீதம் 10 அடி. சாய்வுக்கு ஓர் அடி சேர்த்தால் 11. ஆகவே 12 அடிக் கம்பு போதும். தேவைக்கு மேற்பட்ட ஒவ்வோர் அடியும் வீண் சுமை.

அடுத்தது பொருள். இரும்பு இந்தக் காற்றில் துருப்பிடிக்கும். அலுமினியம் இலேசானது, ஆனால் உப்பில் அரிக்கும், மின்சாரத்தையும் கடத்தும். கார்பன் ஃபைபர் மிக இலேசானது, விலையோ பல மடங்கு. அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். நாங்கள் ஃபைபர் கிளாஸைத் தேர்ந்தோம். ஒரே அளவில் அது அலுமினியத்தைவிடச் சற்றுக் கனம்தான். நீளத்தைக் குறைத்ததால் மொத்தத்தில் பழைய கம்பைவிட எளிதாயிற்று. உப்பு அதை அரிக்காது. வெயிலில் கிடந்தால் மேற்பூச்சு தேய்ந்து நார் வெளிவந்து, முள்போல் கையில் ஏறும். நிழலில் வைப்பது அவசியம்.

பூட்டு மூன்றாவது. சோப்புக் கையால் திருகுவது கடினம். இறுகியதா என்பதும் கண்ணுக்குத் தெரியாது. நெம்பி மூடும் பூட்டில் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் பார்த்தாலே தெரியும். தளர்ந்தால் அதன் திருகாணியை முறுக்கிக்கொள்ளலாம். பூட்டு உடைந்தால் மாற்று கிடைக்குமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

பிடி நான்காவது. விரல்கள் சுற்றி வளைத்துக் கட்டைவிரலைத் தொடும் பருமன், ஏறக்குறைய 3 முதல் 4 சென்டிமீட்டர், கைக்கு இதம். பஞ்சுறை நீரை உறிஞ்சிப் பிய்ந்துபோகும். ரப்பர் உறை நிலைக்கும். ராத்தா தாமே பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, மேல்கை பிடிக்கும் இடத்திலும் சுற்றிக்கொண்டார்.

பயன்படுத்துவதிலும் முறை உண்டு. மணல் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஈரத்துணியால் ஒற்றி உப்பையும் மண்ணையும் கரைக்க வேண்டும். உப்புக் கிணற்று நீர் காய்ந்தால் மீண்டும் வெண்கறை படியும், ஆற்றுத் தண்ணீர் ஒரு வாளி போதும். ஜன்னலுக்கு நேர்கீழே நின்று அண்ணாந்தால் கழுத்து வலிக்கும், அழுக்குநீர் முகத்தில் விழும்; ஓரடி பின்னே நிற்பது நல்லது. வேலை முடிந்ததும் கம்பை நல்ல நீரில் அலசி, இணைப்புகளைக் கழற்றி உலர்த்த வேண்டும். எண்ணெய் தடவாதீர்கள்; மணல் ஒட்டும், பூட்டு வழுக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. வெளிப்புறச் சாளரங்களைத் துடைக்கையில் மின்கம்பிகளிலிருந்து குறைந்தது 10 அடியாவது விலகியிருங்கள். நம் முடுக்குகளில் கம்பிகள் தாழ்ந்து செல்கின்றன. ஃபைபர் கிளாஸும் நனைந்து உப்புப் படிந்துவிட்டால் நம்பத்தக்கதன்று.

ராத்தாவின் தோள்வலி இன்னும் முழுவதும் நீங்கவில்லை. மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்துவருகிறார். அந்தச் செலவைத் தைக்காவில் தொழும் நாங்கள் ஏற்றுக்கொண்டோம். உயர ஜன்னல்களை மாதமொருமுறை இளம் பெண்கள் முறைவைத்துத் துடைக்கிறார்கள். என் முறை வரும்போது ராத்தா கீழே வாளியருகே நின்று, “இடப்பக்கம் கறை இருக்கும்மா” என்று கைகாட்டுவார். அப்போது நான் பார்ப்பது கறையை மட்டுமன்று, அந்தக் கை எவ்வளவு உயர்கிறது என்பதையும்தான்.

நம் பணிகளை இலேசாக்குபவர்களின் சுமையை நாம் கூட்டிவிடாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. அறியாமல் கூட்டியிருந்தால், அதை உணர்ந்து சரிசெய்யும் தவ்ஃபீக்கைத் தருவானாக. ஆமீன்.