பெண்ணுக்கே வீடு, பெண்ணுக்கே வயல்!

நான் சுமத்ராவுக்குப் புறப்படுகிறேன் என்று தெரிந்ததும் எங்கள் அடுத்த வீட்டு மாமா ஒரே ஒரு வேண்டுகோள்தான் விடுத்தார்.

"அங்கே கிராமப் பக்கம் நிலம் மலிவாமே! ஒரு கிரவுண்டு என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு வா, அம்மா."

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளாக மாமாவுக்கு இதே வேலை. எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அங்கே கிரவுண்டு என்ன விலை என்று கேட்பார். விசாரித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் மாமாவுக்குப் பதில் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது!

கோலாலம்பூரில் விமானம் மாறி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் பறந்தால் பாடாங் நகரம். மேற்குச் சுமத்ராவின் தலைநகரம் அது. அங்கிருந்து காரில் மலை ஏறினோம். அனாய் பள்ளத்தாக்கில் சாலை ஓரத்திலேயே ஓர் அருவி கொட்டுகிறது. கார்க் கண்ணாடியை ஏற்ற மறந்த எனக்கு அர்த்த ஸ்நானமே ஆகிவிட்டது. பாடாங் பாஞ்சாங் என்ற ஊரைத் தாண்டி, பத்து சாங்கார் போகும் வழியில் திரும்பினால் பாரியாங்கான் கிராமம்.

மராப்பி என்னும் எரிமலையின் சரிவில் படிப்படியாக நெல் வயல்கள். நடுவே பழைய பள்ளிவாசல் ஒன்று. அதன் அருகில் வெந்நீர் ஊற்று. எருமைக் கொம்பு போல இரு முனையும் மேலே வளைந்த கூரைகளுடன் மர வீடுகள். மினாங்கபாவ் என்ற இனத்தார் தங்கள் ஆதி ஊர் இதுதான் என்கிறார்கள். 2012-ல் ஓர் அமெரிக்கப் பிரயாணப் பத்திரிகை உலகத்தின் அழகிய கிராமங்களில் ஒன்றாக இதைக் குறிப்பிட்டது. நம் ஊரில் இதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேரோ!

ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரின் வீட்டில் தங்கினேன். வயது அறுபதுக்கு மேல். ஊரார் அவரை 'ஊனி' என்று அழைத்தார்கள். அவர்கள் பாஷையில் அக்கா என்று அர்த்தம். நானும் அப்படியே அழைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் முன்பக்கம் முழுவதும் ஒரே நீளமான கூடம். பின்பக்கம் வரிசையாக அறைகள். "கல்யாணமான பெண் ஒவ்வொருத்திக்கும் ஓர் அறை" என்றார் ஊனி.

"பையன்களுக்கு?"

"அவர்களுக்கு ஏது அறை?" என்று சிரித்தார்.

அந்தக் காலத்தில் ஏழு வயதுக்கு மேற்பட்ட பையன்கள் இரவில் சூராவ் என்ற தொழுகைக் கூடத்தில்தான் படுத்துக்கொள்வார்களாம். பெரியவர்களானதும் பிழைப்புத் தேடி வெளியூர் போவார்கள். இந்தோனேஷியா முழுவதும் சந்துக்குச் சந்து பாடாங் சாப்பாட்டுக் கடை இருப்பதற்கு இதுவே காரணம். கல்யாணமானால் பெண் புக்ககம் போவதில்லை. மாப்பிள்ளைதான் மாமியார் வீட்டுக்கு வருகிறார். அந்த மாப்பிள்ளையின் அந்தஸ்து என்ன தெரியுமா? எரிந்த மரத்தின் அடிக்கட்டையில் ஒட்டியிருக்கும் சாம்பலாம்! காற்று ஒரு தடவை ஊதினால் போயே போச்சு. (இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன்.)

சொத்து விஷயத்துக்கு வருகிறேன். பூர்விக வீடும் வயலும் தாயிடமிருந்து பெண்ணுக்கு, அந்தப் பெண்ணிடமிருந்து அவள் பெண்ணுக்கு என்று இறங்குகின்றன. தாய்மாமனுக்கு அங்கே 'மாமாக்' என்று பெயர். நம் மாமாதான், ஒரு 'க்' கூட! மேற்பார்வை, பஞ்சாயத்து எல்லாம் அவர் பொறுப்பு. சொத்து மட்டும் அவருடையது அல்ல.

இவ்வளவுக்கும் மினாங்கபாவ் மக்கள் ஆசாரமான முஸ்லிம்கள். இஸ்லாமியச் சட்டப்படி மகனுக்கும் பங்கு உண்டே என்ற சர்ச்சை அங்கே வெகு காலம் நடந்தது. மக்காவில் இமாமாக இருந்த அகமது காதிப் இந்த ஊர்ப் பக்கத்துக்காரர்தான். தாய்வழிப் பாகத்தைக் கண்டித்துப் புத்தகமே எழுதினார். கடைசியில் ஒருவாறு சமரசம் செய்துகொண்டார்கள்: பூர்விகச் சொத்து வழக்கப்படி பெண்களுக்கு, சுயார்ஜிதம் மார்க்கச் சட்டப்படி பிள்ளைகள் எல்லோருக்கும்.

பூர்விக நிலத்தை விற்கக் கூடாது. ஒத்திக்கு வைக்கலாம், அதற்கும் நான்கே காரணங்கள்தாம் உண்டு. வீட்டில் பிரேதம் கிடந்து எடுக்கப் பணமில்லாவிட்டால் வைக்கலாம். வயது வந்த பெண் கல்யாணமாகாமல் இருந்தால் வைக்கலாம். பெரிய வீட்டின் கூரை ஒழுகினால் வைக்கலாம். குலத் தலைவர் பட்டம் காலியாகிக் குடும்ப கௌரவம் முழுகிக் கிடந்தால், அதைத் தூக்கி நிறுத்த வைக்கலாம்.

ஊனியின் தம்பி ஜாகர்த்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். இரண்டாவது கடை திறக்க, கீழ் வயலைப் பாங்கியில் அடமானம் வைக்க விரும்பினார். "நான்கு காரணங்களில் சாப்பாட்டுக் கடை எங்கேயடா இருக்கிறது?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார் அக்கா. அன்று கோபித்துக்கொண்டு போனவர் இரண்டு ரம்ஜானாக ஊர்ப் பக்கம் வரவில்லை.

எனக்கென்னவோ தம்பியின் பக்கமும் நியாயம் இருப்பதாகவே பட்டது. சிறு வயதில் அதே வயலில் நாற்றுச் சுமந்தவர்தானே அவரும்?

ஊனியின் கவலை அதுவல்ல. அவருக்கு ஒரே மகள். பாத்தாம் தீவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்த மகளுக்கு இரண்டு குழந்தைகள், இரண்டும் ஆண்!

"பேத்தி இல்லாத வீட்டுக்கு 'புனா' என்று பெயர்" என்றார். வம்சம் அற்றுப் போயிற்று என்று அர்த்தம். ஆண் பிள்ளைகள் ஒரு டஜன் இருந்தாலும் அப்படித்தான். இந்த வீடும் வயலும் பிறகு அதே குலத்தில் அடுத்த கிளையைச் சேர்ந்த பெண்களுக்குப் போய்விடும். தம்பியிடமிருந்து யாருக்காகக் காப்பாற்றினாரோ, அந்தப் பேத்தி இன்னும் பிறக்கவே இல்லை.

ஜன்னல் வழியே மராப்பி தெரிந்தது. 2023 டிசம்பரில் அது வெடித்தபோது மலையேறப் போன 24 பேர் மாண்டார்கள். 2024 மே மாதம் பெருமழையில் எரிமலைச் சாம்பலும் பாறைகளும் வெள்ளமாக இறங்கின. இந்த ஜில்லாவிலும் சுற்றுப்புறத்திலும் அறுபது பேருக்கு மேல் பலி. நான் வந்த அனாய் சாலையும் அடித்துக்கொண்டு போய், பிறகு புதிதாகப் போட்டார்கள். வயலுக்கு இத்தனை செழுமை கொடுத்ததும் அந்த மலையின் சாம்பல்தான்!

மாமாவின் கேள்வியையும் கேட்டு வைத்தேன். இந்தோனேஷியாவின் 1960-ம் வருஷத்து நிலச் சட்டப்படி முழுச் சொந்த உரிமை அந்நாட்டுப் பிரஜைகளுக்கே. அந்நியருக்கு உபயோக உரிமை மட்டும் கிடைக்கும். குடியிருக்கும் வீடென்றால் முதலில் 30 வருஷம், பிறகு 20, பிறகு இன்னொரு 30 வரை நீட்டலாம். பாரியாங்கானின் பூர்விக நிலமோ அந்தப் பேச்சுக்கே வராது.

நான் கிளம்பும் நாளில் கூரை வேலைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். பனை நார்க் கூரை எப்போதோ போய்த் தகரம் வந்துவிட்டது, அதுவும் ஓட்டை. ஒழுகுகிற கூரை நான்கு காரணங்களில் ஒன்றாயிற்றே, வயலை ஒத்திக்கு வைக்கலாமே என்றேன். "பென்ஷன் பணம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். பிறகு, "உன் தாயார் வீடு எங்கே?" என்று கேட்டார்.

"விற்றுவிட்டார்கள், ஊனி. விடுதலைப் பத்திரத்தில் நானும் ஒரு கையெழுத்துப் போட்டேன்."

"எதற்காக விற்றார்கள்? பிரேதமா, கல்யாணமா, கூரையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மேலே தகரத்தை ஆணி வைத்து அடிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்தில் நான் ஏதோ சொன்னதாக அவர் நினைத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டுக் காப்பி கொண்டு வர உள்ளே போனார்.