இலங்கைக்குப் போக எந்த மாதம் நல்லது?

"இலங்கைக்கு எந்த மாசம் போனா நல்லதுங்க?" என்று என்னைக் கேட்கிற சிநேகிதிகள் அநேகம். "எந்தப் பக்கம் போகப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டால் விழிக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதி அளவுதானே அந்தத் தீவு, அதிலே பக்கம் வேறயா என்று தோன்றும். ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது!

நடுவிலே ஒரு மலை

கூடத்தின் நடுவே தட்டி கட்டினாற்போல, தீவின் நடுத்தென் பகுதியில் மலைகள் நிற்கின்றன. மிக உயர்ந்த பீதுருதாலகால 2,524 மீட்டர். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலிலிருந்து சுமந்து வரும் மழையையெல்லாம் கொழும்பு, காலி, இரத்தினபுரி, மேற்கு மலைச்சரிவு ஆகிய இடங்களிலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டும்போது அது வெறும் வறண்ட காற்று. மட்டக்களப்பில் அதைக் 'கச்சான்' என்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் 'சோளகம்'.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கதை தலைகீழ். வாடைக்காற்று வடக்கிலும் கிழக்கிலும் மழையைத் தருகிறது. மேற்கே வானம் வெளுத்துவிடுகிறது. ஆக, இந்த இரண்டு பருவங்களிலும் தீவின் ஏதாவதொரு பக்கத்தில் நல்ல காலம்தான்.

மே மாதமா? கிழக்கே போங்கள்

நமக்கோ பிள்ளைகளின் பள்ளிக்கூடம் விட்டால்தான் பயணம். என் மாமியாருக்கு எழுபது வயது. ஈரக் காற்று பட்டால் இழுப்பு வந்துவிடும். முழங்கால் ஒத்துழைக்கிறபோதே திருக்கோணேஸ்வரத்தைத் தரிசித்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. டாக்டரோ, "மழையில் மட்டும் நனையவிடாதீங்கம்மா" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பயண ஏற்பாட்டாளர் மே கடைசி வாரத்துக்குக் கொழும்பு, பெந்தோட்டை, நுவரெலியா என்று பட்டியல் நீட்டினார். எல்லாமே மழைப் பக்கம்! நான் அதை மடித்துக் கொடுத்துவிட்டு, "நேரே திருகோணமலைக்குப் போகிறோம்" என்றேன். இறங்கின அன்று கொழும்பில் மேகம் கறுத்துத் தூறல். ஹபரணை தாண்டினதும் சுள்ளென்று வெயில்.

மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் சுவாமி மலைக்குப் போய்விட்டோம். கீழே நீலக் கடல் அலையில்லாமல் கிடக்க, மாமியார் ஒவ்வோர் அடியாக நடந்து சந்நிதியை அடைந்தார். இழுப்பு மருந்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "இது போதும்டி எனக்கு" என்றார். பிள்ளைகள் நிலாவெளிக் கடலில் ஆசைதீர ஆடினார்கள். அதே வாரத்தில் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். காலை நனைக்கவும் விடக்கூடாது.

மலைநாட்டைப் பார்க்காமல் வருவதா? நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அப்போது மழையும் குளிருமாக இருக்கும். அதனால் மலைக்கு இந்தப் புறம், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் பண்டாரவளைக்குப் போனோம். இதமான வெயில், மெல்லிய காற்று. தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். நம் ஊர்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் போனவர்களின் வம்சம்.

"எங்கக்கா நுவரெலியாப் பக்கம் வாக்கப்பட்டிருக்குங்க. இப்ப அங்க மழை கொட்டும். அட்டைக்கடியோட கொழுந்து எடுக்கும்" என்றாள்.

"உங்களுக்கு இங்கே சௌகரியம், இல்லையா?"

"எங்கம்மா! ரொம்பக் காஞ்சாலும் கொழுந்து வராது. கொழுந்து கொறைஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க."

அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. நாம் ஒதுங்கிப் போகிற மழைதான் அவர்கள் வீட்டு உலையில் அரிசி. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வீசும் இந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறுகிறதாம். மேற்குச் சரிவிலுள்ள திம்புளைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை அந்த யோகம். மணம் கூடுகிற காலத்தில் கொழுந்து குறைச்சல். அந்தத் தேநீரை அருந்தும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

மாதவாரியாக...

ஜனவரி – மார்ச்: கொழும்பு, காலி, கண்டி, நுவரெலியா. சிவனொளிபாத மலை யாத்திரை டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை. மலை 2,243 மீட்டர். மூட்டுவலிக்காரர்கள் அடிவாரத்திலேயே கும்பிட்டுக்கொள்வது உத்தமம்.

ஏப்ரல்: நுவரெலியாவில் புத்தாண்டுக் கொண்டாட்டம், கூட்டமும் வாடகையும் அதிகம். பிற்பகலில் இடி மின்னலுடன் மழை வரும். சுற்றுவதைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மே – செப்டம்பர்: திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம். நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவும் இந்தக் காலத்தில்தான். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது, பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர். கொதிக்கவைத்து ஆறிய நீரையே குடியுங்கள்.

அக்டோபர் – நவம்பர்: தீவு முழுக்க மழை. புயலும் வரும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புயல் சூறையாடியது. 2025 நவம்பரில் 'டிட்வா' புயலின்போது மலைநாட்டில் மண் சரிந்து, வெள்ளம் பெருகி, நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல்கூட 2023 அக்டோபரில் தொடங்கி, பருவமழையால் ஒரே வாரத்தில் நின்று, 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. இந்த இரண்டு மாதமும் வீட்டிலேயே இருங்கள்.

பெட்டியில் மறக்கக்கூடாதவை

மலைக்கு ஸ்வெட்டர், காதுக்கு மப்ளர், பிளாஸ்க்கில் வெந்நீர். அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு. கிழக்கின் வெயிலுக்குக் குடையும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமும். மழைக்குப் பின் டெங்குக் கொசு பெருகும். குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். வழக்கமான மருந்துகளை டாக்டர் சீட்டுடன் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்குமுன் வரைபடத்தை விரித்து, மலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள். பாதிக் கவலை தீர்ந்தது!